பேரு அசைவம், தட்டு சைவம்

ஆடிக் கிருத்திகைக்கு மலை ஏறும்போது எங்கம்மா வழியிலேயே உட்கார்ந்துவிட்டது. திருத்தணி மலைக்கு 365 படி. வருஷத்தில் ஒரு நாளுக்கு ஒரு படி என்று கணக்குச் சொல்வார்கள். அம்மா நூறைக்கூடத் தாண்டவில்லை. மூச்சு இறைக்கிறது. உதடு வெளுத்துக் கிடக்கிறது. நெஞ்சு அடித்துக்கொள்வது சேலைக்கு மேலேயே தெரிகிறது. புஷ்பக் காவடியோடு பக்கத்தில் ஏறிய ஒருவர் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெரதத்துல ஏதோ கொற வெச்சிருக்கும். கவிச்சி பட்ட ஒடம்ப முருகன் படியேற வுட மாட்டாரு."

கெட்ட மனுஷர் இல்லை. தண்ணிப் பாட்டிலை நீட்டிவிட்டுத்தான் போனார். அவருக்குச் சொல்லிக் கொடுத்ததை அவர் சொன்னார். எங்கம்மாவும் அதையேதான் நம்பியது. "ஆனி கடைசில ஒனக்குக் கறி ஆக்கிப் போட்டேன் இல்ல நைனா, அந்தக் கைதான்" என்றது. ஆடி பிறந்ததிலிருந்து அது கவிச்சியே தொடவில்லை. எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிய அன்றைக்குக்கூடக் கருவாட்டுக் குழம்பை ஒதுக்கிவிட்டு, வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு கூழ் குடித்தது.

ரெண்டு நாள் கழித்து ஓர் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ஹீமோகுளோபின் 7 என்று இருந்தது. ஒரு பெண்ணுக்கு 12 கிராமாவது இருக்க வேண்டும். 8க்குக் கீழே போனால் அது கடுமையான ரத்தசோகை. டாக்டரம்மா சின்ன வயசு. சீட்டைப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்: "சைவமா, அசைவமா?"

"அசைவம்தாங்க" என்றேன். கொஞ்சம் அழுத்தியே சொன்னேன். மாட்டுக்கறி உரிமைக்காக மேடையேறிப் பேசியவன் இல்லையா. அவர் எழுதிக்கொண்டார். அப்புறம் என்னை விட்டுவிட்டு அம்மா பக்கம் திரும்பினார். "கடைசியா எப்பம்மா கறி சாப்ட்டீங்க? எத்தன துண்டு?" அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தது. கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி ஒரு சிரிப்பு. "எனக்கு எதுக்கும்மா துண்டு. கொழம்பு ஊத்திக்குவேன். துண்டு புள்ளைங்களுக்கு."

அந்தத் துண்டை முப்பது வருஷமாகத் தின்றுகொண்டிருப்பவன் நான். இந்தக் கட்டுரை அந்த வெட்கத்திலிருந்து தொடங்குகிறது.

1. ரெண்டு எண்கள்

எங்கம்மா தனி ஆள் இல்லை. 2014ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 97 சதவீதத்துக்கும் மேல் அசைவம் என்று பதிவாகியிருக்கிறது. 2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டுப் பெண்களில் (15 முதல் 49 வயது) 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம்.

இந்த ரெண்டு கணக்கையும் ஒன்றின் பக்கத்தில் ஒன்றை வைத்துப் பாருங்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் கறி தின்கிற ஊரில், பாதிப் பெண்களின் உடம்பில் ரத்தம் இல்லை. சைவப் பிரச்சாரகர் இதைப் பார்த்தால் உடனே சொல்வார், 'பார்த்தீர்களா, கறி தின்று என்ன பயன்?' என்று. அவர் கவனிக்காதது ஒன்று உண்டு. 'அசைவமா?' என்று கேட்கிற கணக்கெடுப்பு 'எத்தனை துண்டு?' என்று கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ கோழியை ஏழு பேர் பங்கு போட்டால் அந்த ஏழு பேரும் அசைவம். திங்கள் முதல் சனி வரை அந்த வீட்டில் சோறும் ரசமும் கத்திரிக்காய்க் குழம்பும்தான். அப்படியானால் பெரும்பாலும் சைவம் சாப்பிடுகிற மக்கள் யார்? மடத்துக்காரர்களா? நாம்தான். விரதத்தால் வந்த சைவம் இல்லை இது. கையில் காசு இல்லாததால் வந்தது.

ரத்தசோகைக்குச் சாப்பாடு ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. வெறுங்காலோடு வயலில் இறங்குகிறவர்களுக்குக் கொக்கிப்புழு இருக்கிறது. அடுத்தடுத்த பிரசவம் இருக்கிறது. மாதப்போக்கு அதிகமாகி, ஆஸ்பத்திரிக்குப் போகாமல் சகித்துக்கொண்டு கிடப்பது இருக்கிறது. ஆனால் இவை எல்லாம் சேர்ந்து உறிஞ்சுகிற ரத்தத்தைத் திருப்பி ஊற வைக்க வேண்டியது தட்டுதான். அந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. அதைக் கேட்க விடாமல் குறுக்கே நிற்கிறது ஒரு சொல்.

2. 'அ' போட்டவர்கள்

இலையும் காயும் பருப்பும் தின்பதற்கு ஒரு மதத்தின் பேரை வைத்திருக்கிறோம். அந்தப் பேருக்கு முன்னால் ஓர் 'அ' போட்டால் மிச்சப்பேர் அத்தனை பேரும் அதில் அடங்கிவிடுகிறார்கள். சுத்தம், அசுத்தம். நீதி, அநீதி. சைவம், அசைவம். நூற்றுக்கு மூன்று பேருக்கும் குறைவானவர்களின் தட்டு இயல்பாகி, மற்றவர்களின் தட்டு அதற்கு மறுதலையாகிவிடுகிறது. ஈழத்தமிழரிடம் மரக்கறி என்று ஒரு சொல் புழங்குகிறது. அந்தச் சொல்லில் மதமும் இல்லை, மறுதலையும் இல்லை.

சரி, அந்தச் சைவம் என்ன சொல்கிறது என்று அதன் சொந்த ஏட்டிலேயே பார்ப்போம். முருகனின் படைவீடுகளில் குன்றுதோறாடலுக்கு உரிய இடமாகத் திருத்தணியைச் சொல்வது மரபு. திருமுருகாற்றுப்படையின் குன்றுதோறாடல் பகுதியில் நக்கீரர் காட்டுவது தேனில் விளைந்த கள்ளைக் குடித்துவிட்டுக் குரவை ஆடுகிற குன்றவர்களை. அடுத்த பகுதியான பழமுதிர்சோலையில் ஆட்டுக்குட்டியை அறுக்கிறார்கள். கொழுத்த கிடாயின் ரத்தத்தில் பிசைந்த வெள்ளரிசியைப் பலியாக வைத்துக் குறமகள் முருகனை வரவழைக்கிறாள். இந்தப் பாட்டு சங்க நூல் மட்டுமில்லை. சைவத் திருமுறைகளில் பதினோராம் திருமுறைக்குள்ளும் இருக்கிறது. மலைமேல் கல்யாணம் கட்டிக்கொண்ட வள்ளி வேடர் வீட்டுப் பெண். இங்கிருந்து ரேணிகுண்டா பக்கம் போய்க் காளத்தியை எட்டிப் பார்த்தால் அங்கே கண்ணப்பன். பன்றிக் கறியைச் சுட்டு, பதம் பார்த்துப் பல்லால் கடித்து, அதில் நல்லதைச் சிவனுக்கு ஊட்டியவன். அந்தக் கறியை எச்சில் என்றும் தீட்டு என்றும் வாரிக் கொட்டியவர் சிவகோசரியார். சேக்கிழாரின் கதையில் சாமி யார் பக்கம் நின்றது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் இன்றைக்கு அடிவாரத்தில் நடப்பது சிவகோசரியாரின் ஆட்சி.

அடுத்து வள்ளுவர். புலால் மறுத்தல் என்று ஓர் அதிகாரமே எழுதியிருக்கிறாரே என்பார்கள். எழுதியிருக்கிறார். அது அருளைப் பற்றியது, கொலையைப் பற்றியது. ஓர் உயிரைக் கொன்று தன் உடம்பை வளர்ப்பவனுக்கு அருள் ஏது என்கிற கேள்வி மதிக்கத்தக்க கேள்விதான். அந்தக் கேள்விக்காகக் கறியை விட்டவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அதே வள்ளுவர் உடம்பைப் பற்றிப் பேசுவதற்கு 'மருந்து' என்று தனியாக ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். முன்னே தின்றது செரித்ததா என்று பார், பசித்துத் தின், அளவோடு தின், உடம்புக்கு ஒத்துக்கொள்ளாததை விடு என்கிறார் அதிலே. கறி தின்றால் நோய் வரும் என்றோ, காய் தின்றால் நோய் போகும் என்றோ அந்தப் பத்துக் குறளிலும் ஒரு வார்த்தை இல்லை. அறத்தை அறமாகவும் மருந்தை மருந்தாகவும் பிரித்து வைத்தவர் அவர். ரெண்டையும் ஒன்றாகக் குழைத்து, 'சைவம் சாப்பிடு, நோயில்லாமல் இரு' என்று நம்மிடம் விற்பவர்கள் பின்னால் வந்தவர்கள். தீட்டு என்று நேராகச் சொன்னால் இப்போது எதிர்த்துக் கேட்கிறார்கள். கொழுப்பு, கொலஸ்ட்ரால் என்று சொன்னால் கேள்வி வராது. பழைய தீட்டு வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு வருகிறது.

3. விஞ்ஞானம் சொல்வதும் சொல்லாததும்

அதற்காக விஞ்ஞானம் சொல்வதை மறைக்கக் கூடாது. காய், கனி, பயறு, கொட்டை வகைகள் நிறைந்த உணவு உடம்புக்கு நல்லது என்பதில் சந்தேகமில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லோமா லிண்டாவை மையமாக வைத்து, ஏழாம்நாள் அட்வெண்டிஸ்ட் கிறிஸ்தவர்களைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்களில் கறி தின்னாதவர்களுக்கு எடை குறைவு, சர்க்கரை நோய் குறைவு. 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குவது என்றும், ஆடு, மாடு, பன்றி போன்ற சிவப்பு இறைச்சியைப் பெரும்பாலும் உண்டாக்கக் கூடியது என்றும் வகைப்படுத்தியது. தினமும் கறி தின்கிறவர்கள் கவனிக்க வேண்டிய சேதி.

ஆனால் அந்த அட்வெண்டிஸ்டுகள் யார்? புகைபிடிக்காதவர்கள், குடிக்காதவர்கள், தட்டில் பாதாமும் பயறும் முழுத்தானியமும் இருப்பவர்கள். பலர் பாலும் முட்டையும் சேர்த்துக்கொள்கிறவர்கள். அந்தத் தட்டை ஆராய்ந்து எழுதிய முடிவை, ரேஷன் அரிசியும் புளித்தண்ணியும் இருக்கிற தட்டுக்கு எடுத்து வந்து ஒட்டினால் அது விஞ்ஞானமா? இங்கிலாந்தில் நடந்த எபிக்-ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு சைவ உணவுக்காரர்களுக்கு மாரடைப்பு நோய் குறைவு என்று சொன்ன கையோடு, பக்கவாதம் சற்று அதிகம் என்று 2019இலும், எலும்பு முறிவு அதிகம் என்று 2020இலும் சொன்னது. முதல் பாதியை மட்டும் நம்மூரில் தாளில் அச்சடித்துக் கொடுக்கிறார்கள்.

சொல்லாமல் விடுவதில் முக்கியமானது பி12 வைட்டமின். இதை உண்டாக்குவது நுண்ணுயிர்கள். நமக்கு வந்து சேர்வது கறி, ஈரல், மீன், முட்டை, பால் வழியாகத்தான். கீரையில் கிடையாது, பருப்பில் கிடையாது. இது குறைந்தால் நாக்கு புண்ணாகும், கை கால் மரத்துப்போகும், ரத்தம் ஊறாது, ஞாபகம் தடுமாறும். உடம்பு ஈரலில் சேமித்து வைத்திருப்பதால் குறை வெளியே தெரியவே வருஷக்கணக்காகும். புனேயைச் சுற்றியுள்ள கிராமங்களில் கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து ஆராய்ந்த டாக்டர் யாஜ்னிக் குழுவினர் 2008இல் ஒன்று எழுதினார்கள். தாய்க்கு பி12 குறைவாகவும் ஃபோலிக் அமிலம் அதிகமாகவும் இருந்தால், ஆறு வயதில் அந்தக் குழந்தையின் உடம்பில் சர்க்கரை நோய்க்கான அஸ்திவாரம் தெரிகிறது என்று. தாயின் தட்டில் இல்லாதது பிள்ளையின் உடம்பில் எழுதப்படுகிறது.

இரும்புச் சத்தும் அப்படித்தான். கறியிலும் ஈரலிலும் இருக்கிற இரும்பில் கால் பங்கு வரை உடம்பில் சேரும். கீரையிலும் தானியத்திலும் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு சேர்ந்தாலே பெரிசு. கூட எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் கூடும். சாப்பிட்ட வாயோடு டீ குடித்தால் அதுவும் போகும். எங்கள் ஊரில் களை எடுக்கிற, கரும்பு வெட்டுகிற பெண்களுக்குச் சோற்றோடு சோறாக டீதான் பசியாற்றி.

4. குன்னூர் எலிகள்

இது சம்பந்தமான ஆய்வு அயல்நாட்டில் மட்டும் நடந்ததல்ல. நம்ம நீலகிரியில், குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில், 1918இல் ராபர்ட் மெக்காரிசன் என்கிற ராணுவ மருத்துவர் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். அந்தக் கூடம்தான் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது. மெக்காரிசன் எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் உணவு, ஒன்றுக்குப் பட்டாணியர் உணவு, ஒன்றுக்கு மராட்டியர் உணவு. இப்படியே போய்க் கடைசியில் வங்காளி உணவு, மதராஸி உணவு. சீக்கிய உணவு தின்ற எலி நன்றாகக் கொழுத்தது. மதராஸி உணவு தின்ற எலிதான் எல்லாவற்றிலும் சவலை.

சரித்திரம் எழுதியவர்கள் இதை வைத்துப் 'படைக்கு ஏற்ற இனம்' என்கிற வெள்ளைக்காரன் கதைக்கு வலு சேர்த்தார்கள். எலிக்கு ஏது இனம்? எல்லாம் ஒரே வளர்ப்பு எலிகள். மாறியது தட்டு மட்டும்தான். அந்தத் தட்டைப் பாருங்கள். ஜெயித்த சீக்கியத் தட்டில் தவிடு நீக்காத கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி, வாரத்துக்கு ஒரு தடவை கறி. தோற்ற மதராஸித் தட்டில் அரிசி, அரிசி, மறுபடியும் அரிசி. ஜெயித்த தட்டும் பெரும்பாலும் சைவம்தான், தோற்ற தட்டும் பெரும்பாலும் சைவம்தான். ஆகவே 'பெரும்பாலும் சைவம் நல்லதா கெட்டதா' என்கிற கேள்விக்குப் பதிலே கிடையாது. அந்தப் 'பெரும்பாலும்' போக மிச்சம் இருக்கிற இடத்தில் என்ன இருக்கிறது? பாலா, பருப்பா, முட்டையா, கறியா? அல்லது ஒன்றுமே இல்லையா? அதற்குத்தான் பதில் உண்டு.

மெக்காரிசனிடமும் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. மதராஸி என்று ஒரே சொல்லில் முடித்தீரே, எந்த மதராஸி? இலை நிறைய நெய்யும் தயிரும் விட்டுக்கொண்டு சாப்பிட்டவனும் மதராஸிதான். அவன் வயலில் நடவு நட்டுவிட்டு நொய்க்கஞ்சி குடித்தவளும் மதராஸிதான். ஒரு மாகாணத்தின் எலிக்கு ஒரே தட்டு போதும். மனுஷருக்கு அப்படி இல்லை.

அந்தக் கேள்வியை ஒரு பெண் கேட்டார். லூசி வில்ஸ் என்கிற ஆங்கிலேய மருத்துவர். 1928இல் பம்பாய்க்கு வந்து, ஆலைத் தொழிலாளிப் பெண்கள் கர்ப்ப காலத்தில் சோகை வந்து சாவது ஏன் என்று ஆராய்ந்தார். இடையில் குன்னூரிலும் வேலை செய்தார். அவர் கண்டது என்ன? மிக மோசமான தட்டும் மிக அதிகமான சோகையும் ஏழை முஸ்லிம் பெண்களிடம் இருந்தன. பேருக்கு அவர்கள் கறி தின்கிற சாதியார்தான்! ஈரல் சாறு அவர்களைக் குணப்படுத்தியது. ஈஸ்டிலிருந்து எடுத்த, ரொட்டியில் தடவித் தின்கிற மார்மைட் என்கிற மலிவான சரக்கும் குணப்படுத்தியது. 1931இல் அதை எழுதினார். அதில் இருந்த சத்துதான் பிற்பாடு ஃபோலிக் அமிலம் என்று பேர் பெற்றது. கீரையில் இருப்பதும் அதுதான். கறிக்காரியா, காய்க்காரியா என்று பார்க்காமல், என்ன தின்றாள் என்று பார்த்ததால் அவருக்கு விடை கிடைத்தது.

5. நம்ம சட்டிக்கு என்ன ஆச்சு

எங்க பாட்டி காலத்துத் தட்டும் வறுமைத் தட்டுதான். பழம்பெருமை பேச ஒன்றுமில்லை. ஆனால் கேழ்வரகு இருந்தது. ஆந்திர எல்லையில் இருப்பதால் எங்கள் பக்கம் அதைக் களி என்றும் சொல்வோம், சங்கட்டி என்றும் சொல்வோம். நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து. புளிக்க வைத்துக் கூழாக்கும்போது, இரும்பைப் பிடித்து வைக்கிற பொருள் குறைகிறது. கூடவே எலும்போடு தின்கிற நெத்திலிக் கருவாடு. வயலில் நண்டு, நத்தை, எலி. ஏரியில் கெண்டை. மழைக்கு ஈசல். ஆடு அறுத்த வீட்டில் மற்றவர் ஒதுக்கிய ரத்தம், குடல், தலை. உப்புக்கண்டம் போட்டுக் கொடியில் காயவைத்த பெரிய கறி. ரத்தம் இல்லாத பிள்ளைக்குச் சுவரொட்டி வாட்டிக் கொடு என்பாள் பாட்டி. மண்ணீரலில் இரும்பு குவிந்திருக்கிறது என்று அவள் எந்தக் காலேஜிலும் படிக்கவில்லை.

ஒவ்வொன்றாகப் போனது. ஏரி மீன் குத்தகைக்குப் போனது. பூச்சிமருந்தில் நண்டும் நத்தையும் போயின. ரேஷனில் அரிசி மலிந்தது, 2011இலிருந்து இலவசமானது. பசி போனது, அதைக் குறை சொல்கிறவன் பசி தெரியாதவன். ஆனால் களியும் சேர்ந்து போனது. இன்றைக்கு மூன்று வேளையும் வெள்ளைச் சோறு. 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கு மேல் சர்க்கரை நோயாளிகள் என்கிறது. இந்தியரின் உணவுச் சக்தியில் அறுபது சதவீதத்துக்கு மேல் மாவுச்சத்திலிருந்து வருகிறது. பணக்கார வியாதி என்றிருந்த சர்க்கரை, காலனிக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது.

பெரிய கறி போனது வெட்கத்தால். ஆட்டுக்கறி விலையில் பாதிகூட இல்லாத, எங்களால் வாங்க முடிந்த ஒரே கறி அது. மஞ்சப்பையில் சுருட்டி, மேலே கருவேப்பிலைக் கட்டு வைத்து எடுத்து வருவார் எங்கப்பா. பள்ளிக்கூடத்தில் என்ன கொழம்பு என்று கேட்டால் 'சாம்பார்' என்று சொல்லப் பழக்கினார்கள். வாய் பழகியது, அப்புறம் வயிறும் பழகியது. தெருவில் நாலு வீடு கிருத்திகை பிடித்து, மாலை போட்டு, கறியை விட்டு, அந்த மரியாதையில் கொஞ்சம் மேலே ஏறிவிட்டதாக நினைத்தது. மேலே ஏறியவர்களை மேலே உள்ளவர்கள் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

இங்கே அம்பேத்கரைச் சொல்ல வேண்டும். 1927இல் மகாட்டில் அவர் செத்த மாட்டை விடச் சொன்னார். செத்ததை இழுத்துப் போட்டுத் தின்பது நம்மேல் சுமத்திய இழிவு. அதை விடுவது விடுதலை. 1948இல் வந்த 'தீண்டப்படாதோர்' நூலில், ஒருகாலத்தில் மாடு தின்ற பார்ப்பனர் பௌத்தத்தை வெல்வதற்காகவே கறியை விட்டார்கள் என்று வாதிட்டார். ஆக, எதைத் தின்பது என்பதில் உடம்பும் உண்டு, மானமும் உண்டு, அதிகாரமும் உண்டு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. செத்த மாட்டை விடச் சொன்னதும், நல்ல கறியை வெட்கப்பட்டு விடுவதும் ஒன்றாகாது.

6. நம்மகிட்டயும் கேக்கணும்

தோழர்களே, எதிரியை மட்டும் விமர்சித்துவிட்டு முடித்தால் இது அரைக் கட்டுரை. 2012இல் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் மாட்டுக்கறி விழா நடந்தபோதும், 2017இல் சென்னை ஐஐடியில் அப்படி ஒன்றுக்குப் பிறகு ஒரு மாணவர் தாக்கப்பட்டபோதும் நாம் தெருவுக்கு வந்தோம். வரத்தான் வேண்டும். ஆனால் கூட்டம் முடிந்து பிரியாணி பரிமாறும்போது யார் முதலில் உட்கார்ந்தார்கள்? யார் கடைசியில் அண்டாவைச் சுரண்டினார்கள்? மாட்டுக்கறியைக் கலகத்தின் அடையாளமாக மட்டும் பார்த்தோம். அது ரத்தம், புரதம், பி12 என்று பார்க்கவில்லை. அடையாளத்துக்கு ஒரு துண்டு போதும். அதைத் தின்பதற்கு மேடையில் ஓர் ஆண் போதும். உடம்புக்கு வாரா வாரம் வேண்டும், அதிகமாக வேண்டியது அடுப்படியில் இருக்கிறவளுக்கு.

'சுத்தம்' பேசுகிறவன் ஊரைச் சைவம், அசைவம் என்று பிரிக்கிறான். நாம் வீட்டுக்குள் துண்டு, குழம்பு என்று பிரிக்கிறோம். எங்கம்மா விரதம் இருந்ததால் சோகை வரவில்லை. அது வருஷம் முழுக்க விரதம்தான். ஆடி மாசம் அதற்கு ஒரு பேர் வைத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

7. முட்டை என்கிற போராட்டம்

இதைத் தெருவுக்கு எடுத்துப்போக வேண்டிய இடம் பள்ளிக்கூடம். 1920இல் சென்னை ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் நீதிக்கட்சி தொடங்கியது, 1956இல் காமராசர் விரித்தது, 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கியது, 1989இல் கருணாநிதி முட்டை சேர்த்தது. ரெண்டு வாரத்துக்கு ஒன்று என்றிருந்த முட்டை 2010இல் வாரத்துக்கு ஐந்து நாள் என்றானது. முட்டை தின்னாத பிள்ளைக்கு வாழைப்பழம். யாருக்கும் வலுக்கட்டாயம் இல்லை. நான் படித்த காலத்தில் முட்டை போடுகிற நாளில் வருகைப் பதிவேட்டில் ஒரு பேருக்குக்கூட விடுப்பு விழாது.

மற்ற மாநிலங்களில் நடந்ததைப் பாருங்கள். 2015இல் மத்தியப் பிரதேச முதலமைச்சர் சிவராஜ் சிங் சௌகான் அங்கன்வாடியில் முட்டையைச் சேர்க்க மறுத்தார். 2021 டிசம்பரில் கர்நாடகத்தின் வடகிழக்கு மாவட்டங்களில் முட்டை கொடுக்கத் தொடங்கியபோது மடாதிபதிகள் எதிர்த்தார்கள். பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி, எங்களுக்கு முட்டை வேண்டும் என்று கோபத்தோடு பேசியதை நாடே பார்த்தது. மடாதிபதியின் தட்டில் நெய்யும் பாலும் இருக்கிறது. அந்தப் பெண்ணின் தட்டில் முட்டையை எடுத்துவிட்டால் அங்கே வெறும் சோறுதான் மிஞ்சும்.

நம்மூரிலும் முடிந்துவிடவில்லை. 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் வந்தது. நல்ல திட்டம். உப்புமா, கிச்சடி, பொங்கல், சாம்பார். அந்தக் காலைத் தட்டிலும் முட்டையோ சுண்டலோ ஏன் கூடாது? 2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷனில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். அது எங்கள் திருவள்ளூர் மாவட்டம் உட்பட எல்லா ஊருக்கும் வர வேண்டும். பருப்பின் அளவு கூட வேண்டும். ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்க்கிற இடத்தில், சைவமா அசைவமா என்று கேட்டு நிறுத்தாமல், நேற்று என்ன தின்றாய் என்று கேட்கிற டாக்டர்கள் வேண்டும். மாட்டுக்கறிக் கடைக்கு மற்ற கறிக்கடை மாதிரி சுத்தமான இடமும் தண்ணியும் வேண்டும். இவை எல்லாம் சட்டமன்றத்திலும் பஞ்சாயத்திலும் கேட்க வேண்டியவை. சட்டியில் செய்ய வேண்டியதைச் சட்டியில்தான் செய்ய வேண்டும். இப்போது எங்கள் வீட்டில் குழம்பு இறங்கியதும் முதல் துண்டு அம்மா தட்டில் விழுகிறது. ஆரம்பத்தில் அது அதைத் திருப்பித் திருப்பி என் தட்டில் போட்டது. ஒரு வாரம் சண்டை.

இரும்பு மாத்திரை, பூச்சி மாத்திரை, தினம் ஒரு முட்டை, வாரம் ரெண்டு நாள் ஈரலோ சுவரொட்டியோ, கீரையோடு எலுமிச்சை, சோற்றுக்குப் பின்னால் டீ கிடையாது. டாக்டரம்மா சொன்னது இவ்வளவுதான். மூன்று மாசத்தில் 7 என்றிருந்தது 10 ஆனது. 12ஐ இன்னும் தொடவில்லை.

தைக் கிருத்திகைக்கு மறுபடியும் மலை ஏறணும் என்றது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதன் சாமி, அதன் மலை. நாலு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து 365 படியும் ஏறியது. முந்தின வாரம் சுவரொட்டி தின்றதை நினைத்து மனசுக்குள் கொஞ்சம் பயம் இருந்திருக்கும் போல. இறங்கும்போது தானாகவே சொன்னது: "அவரு கட்டிக்கினவளே வேட்டுவ வூட்டுப் பொண்ணு. அவரு ஒண்ணும் கேக்கல நைனா."